இரண்டு சீட்டிலும் ஒரே பெயர்

பதினெட்டு வருடமாக இந்தச் செபக்குழுவில் மற்றவர்களின் சாட்சியைக் கேட்டு அழுதிருக்கிறேன். புற்றுநோய் மாறியதைக் கேட்டிருக்கிறேன். பிரிந்த குடும்பம் சேர்ந்ததைக் கேட்டிருக்கிறேன். என்னுடையது அவ்வளவு பெரிய கதை இல்லை. ஆனால் இதில் ஒரு களவு இருக்கிறது. களவு செய்தவள் நான். அதை ஒளித்துவிட்டு நன்றி மட்டும் சொன்னால் புனித அந்தோனியார் என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

என் மகள் ஷெரின் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற வருடம். இரண்டு பல்கலைக்கழகங்களில் அவளுக்கு இடம் கிடைத்தது. ஒன்று நகரின் நடுவில், டவுன்டவுனில், லைஃப் சயன்ஸ்; மெடிசினுக்குப் போக நினைக்கிறவர்கள் வழக்கமாக எடுக்கிற படிப்பு. மற்றது மோர்னிங்சைட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில், பயோமெடிக்கல் எஞ்சினியரிங். ஜூன் தொடக்கத்துக்குள் ஒன்றை ஏற்க வேண்டும்.

அவள் மனம் இரண்டாவதில் இருந்தது. அதற்குக் காரணம் அவளுடைய அப்பாவின் காது. என்னவர் ஒஷாவாவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இரைச்சலுக்குள் நின்று நின்றே காதைக் கெடுத்துக்கொண்டவர். அவருடைய காதுமெஷினைப் பதினாலு வயதிலேயே கழற்றித் துடைத்துப் பூட்டப் பழகியவள் இவள். “டொக்டருக்கு மெஷின் தெரியாது, மெஷின் செய்யிறவைக்கு நோயாளியைத் தெரியாது. எனக்கு ரெண்டும் வேணும் அம்மா. முதல் எஞ்சினியரிங், பிறகு மெடிசின்” என்றாள்.

எனக்கு அது ஏறவில்லை. கோயிலில் அன்ரிமார் எல்லாரும் ஒரே பாட்டுத்தான்: “எஞ்சினியரிங்கில மார்க் விழும். மார்க் விழுந்தா மெடிசினை மறக்க வேண்டியதுதான்.” அந்தப் பயம் உண்மை. ஆனால் அது முழு உண்மை இல்லை. மகள் டவுன்டவுனில் டொக்டருக்குப் படிக்கிறாள் என்று பூசை முடிந்து வெளியில் நின்று சொல்ல எனக்கு ஆசை. அவள் வீட்டை விட்டுப் போவதையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மூன்று கிழமை சண்டை. பிறகு சண்டையும் நின்று, அவள் என்னோடு பேசுவதையே விட்டுவிட்டாள். அது சண்டையை விட மோசம். அப்போதுதான், “திருவுளச்சீட்டுப் போடுவம். ஆண்டவர் சொல்லட்டும்” என்றேன்.

எங்கள் குடும்பத்தில் முடிவெடுக்க முடியாத காரியம் வந்தால் சீட்டு எழுதி அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் வைத்து, செபித்துவிட்டு ஒன்றை எடுப்போம். வந்தது கடவுளின் பதில். அதன் பிறகு மறுபேச்சு இல்லை. என் கலியாணமே அப்படி முடிவானதுதான். இவர் இன்றைக்கும் அந்தச் சீட்டைக் குறை சொல்லுவார்.

நான் தனியாக இருந்து இரண்டு சீட்டு எழுதினேன். இரண்டிலும் டவுன்டவுன் பல்கலைக்கழகத்தின் பெயர். தாய்க்குத் தெரியாததா என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன்.

ஷெரின் கண்ணை மூடிச் செபித்து ஒன்றை எடுத்தாள். படித்தாள். கத்துவாள் என்றுதான் நினைத்தேன். அவள் கத்தவில்லை. “ஆண்டவரே சொன்னாப் பிறகு நான் என்னம்மா சொல்லுறது” என்று என் கன்னத்தில் முத்தம் தந்தாள். நான் அடுப்பைப் பார்க்கிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டேன்.

அந்த முத்தம் என்னைக் கொன்றது. செபமாலை எடுத்தால் இரண்டாவது மணிக்கு மேல் நகராது. நான் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் தட்டு அடுக்குகிறவள். சீனி வருத்தக்காரரின் தட்டில் இனிப்பு ஜெலியை வைத்துவிட்டேன். நல்ல காலம், பக்கத்தில் நின்றவள் கண்டாள். ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்க எழும்ப முடியவில்லை. உட்கார்ந்த வாங்கிலேயே இருந்துவிட்டேன். “உமக்கு என்ன நடந்தது?” என்று இவர் கேட்டார். கால் நோகுது என்று அதற்கும் ஒரு பொய்.

இடத்தை ஏற்க வேண்டிய கடைசி நாளுக்கு முதல் நாள், வேலைக்குப் போகும் வழியில் கோயிலுக்குள் நுழைந்து முழங்காலில் விழுந்தேன். “ஆண்டவரே, இனிப் படிப்பைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டேன். பிள்ளை சம்மதம் என்று கிளிக் பண்ண முதல் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாய் தாரும்” என்று அழுதேன். குரல் ஒன்றும் கேட்கவில்லை. வெளிச்சமும் வரவில்லை. ஆனால் வெளியே வந்து வேலைக்குப் போகிற பஸ்ஸுக்கு நின்ற நான், வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறி இருந்தேன். எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

ஷெரின் லப்டொப்புக்கு முன்னால் இருந்தாள். திரையில் டவுன்டவுன் பக்கம்.

“நில்லு பிள்ளை! ரெண்டு சீட்டிலயும் நான் ஒரே பேர்தான் எழுதினனான்.”

அவள் மேசை லாச்சியைத் திறந்து மற்றச் சீட்டை எடுத்து வைத்தாள். “தெரியும் அம்மா. நீங்கள் குசினிக்குள்ள போகேக்கை விரிச்சுப் பாத்தனான்.”

“பிறகேன் பேசாமல் இருந்தனீ?”

“நீங்களாச் சொல்லோணும் எண்டு ஒவ்வொரு நாளும் செபிச்சனான். நாளைக்கு வரைக்கும் பாத்திருப்பன். நீங்கள் சொல்லாட்டி, உங்கடையைத்தான் கிளிக் பண்ணியிருப்பன்.”

பாருங்கள், சகோதரங்களே. ஒரே வீட்டில் தாய் உண்மை சொல்லத் தைரியம் கேட்கிறாள். பக்கத்து அறையில் மகள் தாய்க்காகக் கேட்கிறாள். நான் கேட்க முதலே என் செபத்தை அவள் தொடங்கிவிட்டாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதோம். அவள் விரும்பிய இடத்தை நானே என் விரலால் கிளிக் பண்ணினேன்.

அதன் பிறகு எல்லாம் பூப்பாதை என்று சொன்னால் அது அடுத்த பொய். முதல் வருடம் ஒரு பாடத்தில் நூற்றுக்கு அறுபத்தொன்றுதான். அன்ரிமார் சொன்னது சரியோ என்று நெஞ்சு அடித்தது. ஆனால் இம்முறை நான் ஆண்டவருக்கு வழி சொல்லிக் கொடுக்கவில்லை. “உமது சித்தம்” என்று மட்டும் சொன்னேன். பிள்ளை விழுந்தெழும்பிப் படித்தாள். மார்க் ஏறியது. படிப்பின் நடுவில் வேலை பழக அனுப்பும் கோ-ஒப்பில் போய்ச் செவிக்கருவி செய்யும் ஆய்வுகூடத்தில் வேலை செய்தாள். மருத்துவத்துக்கு முதல் தடவை விண்ணப்பித்தபோது இல்லை என்றார்கள். இரண்டாம் தடவை நேர்முகத்தில் அப்பாவின் காதைப் பற்றியே அதிகம் பேசிவிட்டு வந்தாள்.

இந்த மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. இவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். ஷெரின் ஓடி வந்தாள்.

“அப்பா! மெடிசின் கிடைச்சிட்டுது!”

“என்ன? கேக்கேல்லை.”

இன்னொரு தரம் கத்தினாள். “கேக்கேல்லை பிள்ளை, திரும்பச் சொல்லு.” மூன்றாம் தரம் சொல்லும்போதுதான் அவருடைய கண்ணைப் பார்த்தேன். கன்னம் எல்லாம் நனைந்திருந்தது. மனிசனுக்கு முதல் தரமே கேட்டுவிட்டது!

அல்லேலூயா! அந்த இரண்டு சீட்டும் இன்றைக்கும் என் செபப் புத்தகத்துக்குள் இருக்கின்றன. பிள்ளையின் படிப்போ, வேலையோ, கலியாணமோ, உங்களுக்கும் ஒரு முடிவு நெஞ்சை அழுத்தினால் ஆண்டவரிடம் போங்கள். பயப்படாமல் இரண்டு பெயரையும் எழுதுங்கள். நான் எழுதாமல் விட்ட பெயரையே எடுத்துத் தந்தவர் அவர்.