தையல் பட்டறையில் ஓர் அம்புக்குறி

தாராவியில் மழைக்கு ஒதுங்கிய தையல் பட்டறையிலேயே பிற்பகல் தொழுகையான அஸர் தொழ இடம் கேட்கிறேன். மக்கா இருக்கும் திசையைக் கணிக்க வானத்தில் சூரியன் இல்லை. கைப்பேசியின் திசைகாட்டி, மிஷின்களின் இரும்புக்கு நடுவே சுற்றிக்கொண்டே இருக்கிறது.

நெற்றியில் திருநீறு பூசிய முதலாளி தரையைக் காட்டுகிறார். துணியில் கோடு போடும் சாக்பீஸால் வரைந்த ஓர் அம்புக்குறி. "எங்க கட்டிங் மாஸ்டர் இதப் பாத்துதான் தொழுவாரு, பாய்."

"அவரு எங்க?"

"ஊருக்குப் போயி ஒரு மாசமாச்சு."

அம்புக்குறியோ பளிச்சென்று இருக்கிறது. நான் கை, கால், முகம் கழுவி ஒளு செய்யப் போன நேரத்தில், என்னைச் சமாளிக்க இவரே போட்டுவிட்டாரோ?

"புதுசா இருக்கே, அண்ணாச்சி?"

"பெருக்கப் பெருக்க மங்குதுல்லா. அவரு வந்து திசை தேடக் கூடாதுன்னு தினமும் அதுமேலயே இழுத்து விடுதேன்."

கைப்பேசியை அணைக்கிறேன். அம்புக்குறியை மிதிக்காமல், ஓரடி பின்னால் தள்ளி நிற்கிறேன்.