வாய்க்காலுக்கு அப்பால் ‘ம்’ கொட்டிய குரல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாவூறு, கழிப்பு, நூல் கட்டுவது என்று எதற்கும் போகிற ஆள் நான் இல்லை. உழவு இயந்திரம் ஓட்டுகிறவன். எஞ்சின் நின்றால் டீசல் இருக்கிறதா என்று பார்ப்பேனே தவிர, யாருடைய கண் பட்டது என்று பார்க்க மாட்டேன். புளியமரத்தடியில் எதையோ கண்டேன் என்று யாராவது தொடங்கினால், எத்தனை போத்தல் குடித்தாய் என்று கேட்டு ஆளைக் குழப்பிவிடுவேன். நீங்களும் இப்போது என்னை அப்படிக் கேட்கலாம். கேளுங்கள், கோபிக்க மாட்டேன். அன்றைக்கு நான் குடித்தது வெறும் தேத்தண்ணி.

எங்கள் வயல் பூவரசங்குளத்தில், காட்டை ஒட்டி இருக்கிறது. கதிர் முற்றினால் யானைக்கு எப்படித்தான் தெரியுமோ, வந்துவிடும். ஓர் இரவு இறங்கினால் அந்தப் போகமே போய்விட்டது என்று வையுங்கள். அதனால் அறுவடை வரை அவரவர் வயலில் கொட்டில் போட்டுக் காவல் இருப்போம். காவல் என்றால் சும்மா முழித்திருப்பது இல்லை, குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கொட்டிலில் கூப்பிட்டால் அடுத்த கொட்டிலில் பதில் வர வேண்டும். ஆள் சத்தம் நின்ற பக்கமாகத்தான் யானை இறங்கும்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வயல் சரசக்காவுடையது. தனி மனுசி, தானே விதைத்துத் தானே காவல் இருப்பவர். நானோ காவலுக்குப் போய்க் குறட்டை விடுவதில் பேர் எடுத்தவன். “தம்பி, நித்திரையே? யானை உன்னைத் தூக்கிக்கொண்டு போனாலும் தெரியாதடா உனக்கு!” என்று அவர் போடுகிற சத்தத்தில்தான் என் வயல் அதுவரை தப்பியிருந்தது.

அன்று செட்டிகுளத்துக்கு நெல் ஏற்றப் போய்விட்டு, இருட்டிய பிறகு நேரே வயலுக்கு வந்தேன். போனில் சார்ஜ் இல்லை, மனைவியும் பளைக்குத் தாய் வீடு போயிருந்தாள். அதனால் ஊரே அறிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லை. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்று பின்னேரம் வரம்பில் வைத்துச் சரசக்காவைப் புடையன் பாம்பு கடித்துவிட்டது. வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள், தப்புவாரா என்று யாராலும் சொல்ல முடியாத நிலை. அவருடைய கொட்டிலில் அன்றிரவு ஒருவரும் இல்லை.

இது எதுவும் தெரியாமல் நான் என் கொட்டிலில் ஏறி, லாம்பைக் கொளுத்தி வைத்துக்கொண்டு ஒரு நாவலைத் திறந்தேன். சிரிக்காதீர்கள். மனைவி வாசிகசாலையில் எடுத்த பழைய தடித்த புத்தகம், அட்டையும் முன்பக்கங்களும் போய்விட்டன, யார் எழுதியது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. படித்தவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிற நாவலாம். நித்திரைக்கு நல்ல மருந்து என்று முதல் நாளே கொட்டிலில் கொண்டுபோய்ப் போட்டிருந்தேன்.

நித்திரை எங்கே வந்தது? வெள்ளம் பெருகிய ஓர் ஆறு, கைக்குழந்தையோடு தோணியில் ஏறுகிற ஒரு பெண், நடு ஆற்றில் துடுப்பைத் தவறவிடுகிற தோணிக்காரன், இந்தப் பக்கத்தோடு நிறுத்துவோம், இந்தப் பக்கத்தோடு நிறுத்துவோம் என்று நான் போய்க்கொண்டே இருக்கிறேன். எழுத்தில் இப்படி ஒரு சாமான் இருக்கிறது என்று இத்தனை வயதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே என்று ஆத்திரம்கூட வந்தது. குரலும் கொடுக்க வேண்டும், கண்ணை எடுக்கவும் மனமில்லை. குரல்தானே என்று உரக்க வாசிக்கத் தொடங்கினேன்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து “ம்” என்று கேட்டது.

கதை கேட்கிறவர்கள் கொட்டுவார்களே, அந்த “ம்”. சரசக்காவின் குரலேதான். “என்னக்கா, கதை நல்லா இருக்கோ?” என்று கத்தினேன். அதற்கும் “ம்”. கொட்டிலில் வெளிச்சம் இல்லை, டோர்ச் பற்றரியை மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நான் வாசிக்க வாசிக்க, பந்திக்குப் பந்தி அந்த “ம்” வந்துகொண்டே இருந்தது. நம்பினால் நம்புங்கள், காட்டோரம் கொப்பு முறிகிற சத்தம் கேட்டது, யானைதான், அதுவும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்காமல் திரும்பிப் போனது.

ஒரே ஒரு தடவை, தொண்டை வறண்டு, மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று புத்தகத்தை மூடிச் சரிந்தேன். உடனே, “பிறகு? தம்பி, பிறகு?” கழுத்தளவு தண்ணீரில் நிற்கிற ஆள் கூப்பிடுவது போன்ற குரல். எனக்கு மயிர் சிலிர்த்துவிட்டது. ஏன் என்று கேட்காமல் திரும்பவும் வாசித்தேன். தோணி சுழியில் மாட்டுகிற இடம் வரை வாசித்தது நினைவிருக்கிறது. அதோடு என்னை அறியாமல் உறங்கிவிட்டேன்.

விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. புத்தகம் அதே சுழிப் பக்கத்தில் என் நெஞ்சில் கவிழ்ந்து கிடந்தது. வயலில் ஒரு கதிர்கூடச் சாயவில்லை. சரசக்காவோடு பகிடி விடலாம் என்று வாய்க்காலைத் தாண்டிப் போனால் கொட்டில் வெறுமையாக இருக்கிறது, பாய்கூட விரிக்கவில்லை. சைக்கிளில் வந்த ஒருவர்தான் பாம்பு கடித்த கதையைச் சொன்னார். அப்படியே வவுனியாவுக்கு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் சரசக்கா கண் திறந்து படுத்திருந்தார். ஆபத்துத் தாண்டிவிட்டது என்றார்கள். பாம்பு கடித்தவரை உறங்க விடக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் பிடிவாதம். டாக்டர் ஒரு பக்கம் மருந்து ஏற்ற, சரசக்காவின் தங்கை பக்கத்தில் இருந்து இரவு முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

“நான் கூப்பிட்டதுக்கு ஒரு பதிலும் இல்லை அண்ணை,” என்றாள் தங்கை. “ஆருக்கோ ‘ம்’, ‘ம்’ எண்டு சொல்லிக்கொண்டு கிடந்தா. நடுவிலை ஒருக்காக் கண் செருகிப் போச்சுது, மூச்சும் நிண்டமாதிரி. நான் குளறிப்போட்டன். அப்பதான் ‘பிறகு? தம்பி, பிறகு?’ எண்டு கத்தினா. அதோடை திரும்பக் கண்ணைத் திறந்திட்டா.”

பயம் என்று சொல்ல மாட்டேன். கோயிலில் திரை விலகும்போது உடம்பெல்லாம் ஒன்று வருமே, அது வந்தது.

சரசக்கா என் கையைப் பிடித்தார். “நல்ல கதையடா தம்பி. தோணி கவிழ்ந்த உடனை என்ரை மூச்சும் போச்சுதெண்டுதான் நினைச்சனான். நீ விடேல்லை, வாசிச்சுக்கொண்டே இருந்தாய். அவள் சீலையைக் கிழிச்சுப் பிள்ளையை முதுகிலை கட்டிக்கொண்டு, நாணலைப் பிடிச்சுக் கரையேறினாளே, அப்பதான் எனக்கு விடிஞ்சது.”

அவ்வளவு தூரம் நான் வாசிக்கவே இல்லை. தோணி கவிழ்கிறது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து மிச்சப் பக்கங்களைப் பிரித்தேன். சீலை, முதுகு, நாணல், எல்லாம் அவர் சொன்னபடியே இருந்தன.

வீடு திரும்பிய பிறகு சரசக்காவிடம் கேட்டேன், இந்தப் புத்தகத்தை முன்பே வாசித்திருக்கிறாரா என்று. “எனக்கெங்கையடா புத்தகம் வாசிக்க நேரம்?” என்றார். நான் பாதியில் உறங்கிவிட்டேன் அக்கா, அந்தக் கடைசிப் பக்கங்களை உங்களுக்கு வாசித்தது நான் இல்லை என்று உண்மையைச் சொன்னேன்.

“விசர்க்கதை கதையாதை. உன்ரை குரல் எனக்குத் தெரியாதே? அவள் நாணலைப் பிடிக்கிற இடத்திலை நீ விக்கி விக்கி அழுததும் எனக்குக் கேட்டது.”

அந்த இடத்தில் நான் அழுதது உண்மைதான். ஆனால் அது அடுத்த நாள் பின்னேரம், என் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வாசித்தபோது.