நின்றால் அணைந்துவிடும் வண்டி

பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு பழைய சீமை மோட்டார் சைக்கிளைப் புதுப்பித்து வைத்திருக்கிறார். பெயின்ட் எல்லாம் பளபளக்கிறது. நேற்றுக் காலை வாசலில் வைத்துக் கிளப்பினார். இஞ்சின் ஒரு தரம் எகிறியது, ஒரு தரம் தணிந்தது, விக்கி அணைந்தது. பெட்ரோல் வாடை ஜன்னல் வழியாக வந்தது. அவ்வளவுதான், நான் மணமேல்குடிச் சாலையில் இருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். கட்டுமாவடிப் பக்கம் எனக்கு வாத்தியார் வேலை, அறிவியல் பாடம். கரும்பலகையில் நான் இஞ்சின் வரைந்தால் பார்க்க லட்சணமாக இருக்கும். அந்தப் படத்தை நம்பித்தான் மீன் வியாபாரி சாகுல் என்னைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டான். பட்டாளத்தில் கழித்துப்போட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை இருவரும் பாதி உருட்டியும் பாதி சாக்கில் அள்ளியும் கொண்டுவந்து சேர்த்தோம். எல்லாம் பூட்டி முடித்தபிறகும் கொஞ்சம் நட்டுகள் மிஞ்சின.

"மிச்சம் வந்தா நல்லதுதானே வாத்தியாரே?" என்றான் சாகுல். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஓடும்போது ஒரு குறையும் இல்லை. கைப்பிடியை முறுக்குவதை விட்டால்தான் வினை. தள்ளாடும், இருமும், அணைந்துவிடும். திரும்பக் கிளப்ப ஆள் தள்ள வேண்டும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரில் இதற்கென்றே ஒரு குட்டித் திருகாணி உண்டு. விடுமுறை நாளெல்லாம் அதைத்தான் திருகிக்கொண்டிருந்தேன். பிளக்கைத் தேய்த்தேன். பெட்ரோலை வேட்டித் துணியில் வடிகட்டினேன், வேட்டி கெட்டது.

"இங்கிட்டுத் திருகுனா எகிறுது, அங்கிட்டுத் திருகுனா சாகுது. நடுவுல ஒண்ணுமே இல்லையா?" என்பான் சாகுல்.

"இருக்கும்" என்பேன். தெரிந்தவன் போலச் சொல்வது தொழிலில் வந்த பழக்கம்.

அவன் மனைவி சபுராவுக்குத் தலைப்பிரசவம். ஒரு நாள் மதியம் பள்ளிக்கூட வாசலுக்கே ஓடி வந்துவிட்டான். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. "நேத்துலேருந்து வலியில கெடக்கா. மருத்துவச்சி கையை விரிச்சுட்டா. நர்ஸம்மாவைக் கூட்டியாங்க வாத்தியாரே."

நர்ஸம்மா இருந்தது மணமேல்குடியில். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஊரில் அந்த வண்டியை ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சபுராவின் கெட்ட நேரம்!

மணமேல்குடியில் நர்ஸம்மா வீட்டு வாசலில் இறங்காமல் கைப்பிடியை முறுக்கியபடியே கத்தினேன். தெருவே புகை. வெள்ளைச் சேலையும் கறுப்புப் பையுமாக வெளியே வந்தவர், "முதல்ல அதை நிறுத்துங்க" என்றார்.

"நிறுத்துனா கிளம்பாதுங்க. ஏறுங்க!"

விஷயத்தைக் கேட்டதும் மறுபேச்சுப் பேசாமல் ஏறினார். பாதி வழியில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. வேகம் குறைத்தேன். அணைந்துவிட்டது. சுற்றிலும் பொட்டல், தள்ளிவிட ஆளில்லை. நர்ஸம்மா பையை என் கழுத்தில் மாட்டிவிட்டு, சேலையை இழுத்துச் செருகி, மணலில் வண்டியைத் தள்ளினார். இஞ்சின் பிடித்தது. நான் முறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்க, அவர் மூச்சிரைக்க வந்து, கையில் ஒட்டிய எண்ணெய்க் கறுப்பைப் பையிலிருந்த பாட்டில் தண்ணீரால் கழுவினார். தண்ணீர் சிதறி, கார்புரேட்டர் இஞ்சினோடு சேரும் மூட்டில் விழுந்தது.

சட்டென்று வண்டி சீராக ஓடியது. முறுக்கை விட்டேன், அப்போதும் நிற்கவில்லை. ஈரம் காய்ந்ததும் பழையபடி விக்கல்.

"காத்து! அந்த மூட்டுச் சந்து வழியாக் காத்து உள்ள போகுது, தண்ணி அதை அடைச்சிருச்சுங்க!" என்று கூவினேன். இத்தனை நாள் நல்ல திருகாணியைப் போட்டு வதைத்திருக்கிறேன்.

"அங்க ஒரு பொண்ணு கெடக்கு. உங்க பாடத்தைப் பொறவு நடத்துங்க" என்றார். சொல்லிக்கொண்டே பையைத் திறந்து பிளாஸ்திரியை எடுத்தார். சூட்டில் விரலை உதறி உதறி, வெட்டுப்பட்ட விரலுக்குக் கட்டுவதுபோல் அந்த மூட்டைச் சுற்றிக் கட்டினார். அதற்குப்பிறகு வண்டி எங்கும் சாகவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்திருந்தது. ஆனால் சபுராவுக்கு ரத்தம் நிற்கவில்லை. நர்ஸம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாகுல் சுவரைப் பார்த்து நின்றான். அவன் முதுகைத் தொடக் கை நீட்டினேன், கை பூராவும் கிரீஸ், இழுத்துக்கொண்டேன். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது.

"ரெண்டு உசுரும் பத்திரமா இருக்கு. பொம்பளப் புள்ள. எனக்கு ஒரு டீ சொல்லுங்க."

சாகுல் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். நான் பெருந்தன்மையாக, "வாங்க நர்ஸம்மா, கொண்டுபோய் விடுறேன்" என்றேன்.

"வேணாங்க. நான் பஸ்ல போறேன்."

இப்போது அந்தப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை வழவழவென்று போகிறது. கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வருகிறது. அந்த நாள் திரும்பி வர வேண்டும் என்று நான் ஒருபோதும் ஆசைப்பட்டதில்லை. சாகுல் போய்விட்டான், சபுராவும் போய்விட்டாள். நர்ஸம்மா அடுத்த வருஷமே மாற்றலாகிப் போனார். எந்த ஊருக்கு என்று தெரியவில்லை. பின்னொரு நாள், அன்று பிறந்து அதற்குள் பேத்தியும் எடுத்துவிட்ட அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்: "மாமா, என் உம்மாவைக் காப்பாத்துனாங்களே, அவங்க பேரு என்ன?"

யோசித்துப் பார்த்தேன். சுற்று வட்டாரம் முழுக்க அவரை நர்ஸம்மா என்றுதான் கூப்பிட்டது. பேர் என்னவென்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டுச் சொல்ல இன்று ஒருவரும் இல்லை.