ருக்கியாவின் வல்லாரையும் யோகேஸ்வரியின் நாக்கும்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு வல்லாரை கொண்டுவரும் ருக்கியாவுக்குக் களனி ஆற்றோரம் எட்டுப் பாத்தி இருக்கிறது. பிழைப்பு முழுக்க அதில்தான். மாசி, பங்குனியில் மழை இல்லாவிட்டால் கடல்தண்ணீர் ஆற்றுக்குள் ஏறிவிடும். அது ஏறுவதும் இறங்குவதும் நாளுக்கு நாள் நேரம் மாறும். ஆகவே காலையில் பம்ப் போடுமுன் ஒரு கை தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவாள். கரித்தால் காத்திருப்பாள்.

இந்த வருடம் நோன்பும் வறட்சியும் ஒன்றாக வந்தன. ருசி பார்த்துத் துப்பினால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசல் ஹஸ்ரத்தே சொன்னார். இவள் கேட்டால்தானே.

"தொண்ட காஞ்சி ஈக்கக்குள்ள தண்ணி பட்டா நான் முழுங்கிருவேன். என்ன எனக்குத் தெரியும்" என்றாள்.

பக்கத்துப் பாத்திகளில் கங்குன் கீரை போடும் யோகேஸ்வரி, மலையகத்தில் ஹட்டன் பக்கத்துக்காரி, "நான் பாத்துச் சொல்றேங்க்கா" என்று முன்வந்தாள். கங்குன் கொஞ்சம் உப்பைத் தாங்கும். அதனால் அவள் அதுவரை ஆற்றுத் தண்ணீரை வாயில் வைத்ததே இல்லை.

மூன்றாம் நோன்பன்று, "உப்பே இல்லக்கா, ஊத்துங்க" என்றாள். இரண்டு நாளில் இரண்டு பாத்தியில் இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் சோறு இறங்காத நாக்கை நம்பினால் வேறென்ன நடக்கும்?

யோகேஸ்வரி அழுதாள். "அழாத புள்ள. நாளைக்கும் நீதான் பாக்கோணும்" என்றாள் ருக்கியா. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆனால் அதன்பிறகு ஒரு இலையும் கருகவில்லை. ஒரு நாள் "லேசாக் கரிக்குது, பொறுங்க" என்று மத்தியானம் வரை நிறுத்தினாள்.

இருபத்தேழாம் நோன்பன்று ருக்கியா, நோன்பு திறந்த கையோடு, தினமும் கொடுக்கும் நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொண்டு யோகேஸ்வரி வீட்டுக்குப் போனாள். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உரிமையோடு பருப்பில் ஒரு விரல் தொட்டு வாயில் வைத்த ருக்கியா, "உப்புப் போட மறந்திட்டியா?" என்றாள்.

"மறக்கலக்கா. ஒங்க பாத்தி கருகின அன்னையிலருந்து உப்புத் திங்கிறதில்ல. இப்பதான் நாக்கு சரியாச் சொல்லுது."

"அப்ப நான் தார கஞ்சி?"

"அது மக குடிச்சிருவா."



மறுநாள் நோன்பு திறக்க என்னையும் அழைத்திருந்தாள். யோகேஸ்வரியும் வந்திருந்தாள். எல்லோருக்கும் ஒரே பானைக் கஞ்சி. சப்பென்றிருந்தது. பகல் முழுக்கப் பட்டினி கிடந்த ருக்கியா அதை மடமடவென்று குடித்தாள். யோகேஸ்வரி பாதிக் கோப்பையில் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

நான் இன்னொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தேன்.