ஒரு நம்பர் கூட: கேமரன் மலைக் குளத்தில் ஃபின் பொருத்திப் பார்த்தது

என் வலது காலின் இரத்தக் குழாய்களில் அடைப்பு எதுவும் இல்லை. ஈப்போவில் ஸ்கேன் எடுத்த மருத்துவர் செவ்வாய்க்கிழமை மாலை இதை எழுத்திலேயே தந்தார். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வியாழக்கிழமை காலை கேமரன் மலைக்கு வண்டியை எடுத்தேன். பின் இருக்கையில் என் ஃபின் கிடந்தது. கடலுக்கடியில் நீந்தக் காலில் மாட்டிக்கொள்ளும் துடுப்பைத்தான் சொல்கிறேன். "கடல் சாமானத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போற ஆளு நீங்க ஒருத்தர்தான்லா" என்றாள் என் மனைவி.

காரணம் இதுதான். எனக்கு ஸ்கூபா கற்றுத் தந்த ஸ்டெல்லா மலைக்காரர். அப்பா தேயிலைத் தோட்டத்தில் பம்பு பார்ப்பவர். வருடத்தில் ஒன்பது மாதம் ஸ்டெல்லா கிழக்குக் கரைத் தீவொன்றில் முங்கு பயிற்சியாளராக வேலை செய்கிறார். நவம்பரில் மழைக்காற்று தொடங்கித் தீவு மூடியதும் தன் சாமான்களையெல்லாம் கட்டிக்கொண்டு தானா ராத்தாவுக்குப் பக்கத்தில் உள்ள, தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டுக்கு வந்துவிடுவார். ஆகவே ஜனவரியில் அவரைப் பார்க்க வேண்டுமானால் மேலேதான் ஏற வேண்டும்.

பார்க்க வேண்டிய அவசியம் எனக்கிருந்தது. எனக்கு அறுபத்தொரு வயது. போன பருவத்தின் கடைசி முங்கில், பதினான்கு மீட்டர் ஆழத்தில், வலது கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது. அந்தப் பருவத்தில் அது மூன்றாவது முறை. ஸ்டெல்லா என் ஃபின் நுனியைப் பிடித்து இழுத்துக் காலை நீட்டிவிட்டு, கையைப் பிடித்து மேலே கொண்டுவந்தார். படகில் ஏறியதும் சிரிக்காமல் சொன்னார்: "அங்கிள், நீரோட்டத்துல இப்படிப் பிடிச்சா உங்களையும் பாக்கணும், மத்த மூணு பேரையும் பாக்கணும். டாக்டர்கிட்ட காட்டுங்க. காலு சரின்னு எனக்குத் தெரியாம இனிமே கூட்டிட்டுப் போக மாட்டேன்." மருத்துவர் முதலில் இரத்தக் குழாயைச் சந்தேகப்பட்டார். ஸ்கேனுக்காகக் காத்திருந்த வாரங்களில் முங்குவதை மனதுக்குள் பாதி விட்டேவிட்டேன்.

ஈப்போவிலிருந்து காலை 6.20க்குக் கிளம்பினேன். சிம்பாங் பூலாய் வழியாகப் போனால் பாதை அகலம்; வளைவுகளும் தாப்பா பாதையை விடக் குறைவு. கோலா தெர்லாவில் 7.50க்கு நிறுத்தி ஒரு ரொட்டி, நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரே: 4 ரிங்கிட் 20 காசு. முட்டைக்கோஸ் ஏற்றிய லாரிகள் அங்கிருந்து கீழே இறங்கும் நேரம் அது, நிதானமாக ஓட்டுங்கள். பிரிஞ்சாங் ஊருக்குள் சனி ஞாயிறில் வண்டி நகராது. வியாழனில் பத்தே நிமிடத்தில் கடந்தேன். ஸ்டெல்லா வீட்டு வாசலில் நின்றபோது மணி 8.55, மொத்தம் 93 கிலோமீட்டர்.

தாளை நீட்டினேன். முழுதும் படித்தார். அப்புறம்தான் சிரித்தார். "சரி, குழாய் நல்லாருக்கு. அப்ப காலு ஏன் பிடிக்குது? அந்த ஃபின்ன எடுங்க."

தோட்டத்தில் தெளிப்பு நீருக்காக ஒரு குளம் வெட்டியிருக்கிறார்கள். ஆழம் இரண்டு மீட்டர். ஸ்டெல்லாவின் அப்பா ஆரோக்கியம் முதல் நாளே தோட்டத்து மேனேஜர் துரையிடம் கேட்டு அனுமதி வாங்கியிருந்தார். பம்புக் கொட்டகையிலிருந்து மறுகரைக் கம்பம் வரை கயிறு பிடித்து அளந்தோம்: நாற்பது மீட்டர். தண்ணீர் பத்தொன்பது டிகிரி என்று என் கைக்கடிகாரம் காட்டியது. ஐந்து மில்லிமீட்டர் ரப்பர் உடை போட்டிருந்தும் முதல் நிமிடம் மூச்சு அடைத்தது. ஸ்டெல்லா மிதவையோடு பக்கத்திலேயே நீந்தினார். மேட்டில் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"என்னாண்ணே, வாத்து புடிக்கவா?" என்று கரையில் நின்ற ஆரோக்கியத்தைக் கேட்டார் ஒருவர்.

"வாத்தே இவருதான். ஓட்டிப் பாக்குறோம்" என்றார் அவர்.

என் சொந்த ஃபின்னோடு தொடங்கினேன். பாதத்தை முழுக்க மூடும் வகை, நீண்ட பிளாஸ்டிக் தகடு. ஒரு முறை கடக்க முப்பத்தெட்டு உதை. நாலாவது முறை பாதி தூரத்தில் கெண்டைக்கால் பிடித்தது. தகடு நீளம், அதனால்தான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். ஸ்டெல்லா அடுத்த ஜோடியைத் தந்தார்.

அது தகடு நடுவில் பிளந்த வகை. குதிகால் திறந்திருக்கும், வார் போட்டு இழுத்துக் கட்ட வேண்டும். உதைப்பதே தெரியவில்லை, அவ்வளவு இலேசு. ஆனால் கடக்க நாற்பத்தைந்து உதை தேவைப்பட்டது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நல்லது, எதிர் நீரோட்டத்தில் நம்ப முடியாது என்பது ஸ்டெல்லாவின் கணக்கு. மூன்றாவது கனத்த ரப்பர், குட்டை, விறைப்பு. இருபத்தேழே உதையில் கடந்தேன், இரண்டாவது முறையிலேயே தொடை எரிந்தது. ஆனால் இந்த இரண்டிலும் கெண்டைக்கால் பிடிக்கவில்லை. விறைப்பான ரப்பரிலும் பிடிக்கவில்லையே என்றதும் என் முடிவு ஆட்டம் கண்டது.

கரையேறி உட்கார்ந்தோம். ஸ்டெல்லா என் பழைய ஃபின்னை மறுபடி மாட்டச் சொல்லி, காலைத் தொங்கவிட்டு உதறச் சொன்னார். உதறினேன். குதிகால் விரற்கடை அளவு வெளியே வந்தது.

"விரல அசைங்க... அங்கிள், உள்ள விரல மடக்கி வச்சிருக்கீங்க."

"மடக்கலன்னா கழண்டுடும்மா."

"அதானே! நாப்பது நிமிஷம் விரல மடக்கிக்கிட்டே உதைச்சா காலு பிடிக்காம என்ன செய்யும்? வார் வச்ச ஃபின்ல மடக்க வேண்டியதில்ல, அதான் பிடிக்கல. இது என்ன சைஸ்?"

"நாப்பத்திரெண்டு நாப்பத்திமூணு."

"உங்க காலு?"

"நாப்பத்தொண்ணு. எப்பவும் ஒரு நம்பர் கூடத்தான் வாங்குவேன்."

ஆரோக்கியம் தன் கால்களைப் பார்த்தார். நானும் பார்த்தேன். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், உள்ளே இரண்டு காலுறை. முப்பது வருடத்துக்கு முன் நான் தானா ராத்தாவில் நிருபராக வேலைக்கு வந்த முதல் வாரம், மண் சரிந்த ஒரு சரிவைப் பார்க்கப் போனபோது, தோட்டத்துக் கங்காணி ஒருவர் என் பூட்ஸைப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டார். குளிருக்கு ஒன்று, அட்டைக்கடிக்கு ஒன்று என்று இரண்டு காலுறை போட வேண்டும், ஆகவே பூட்ஸ் எப்போதும் ஒரு நம்பர் கூட வாங்க வேண்டும் என்றார். மறுநாளே வாங்கினேன். நாலு வருடத்தில் கீழே மாற்றலாகிப் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஃபின்னைக் கடைக்குப் போகாமல் இணையத்தில் வாங்கியபோதும் கை தானாக அடுத்த எண்ணைத் தொட்டிருக்கிறது.

"அப்பாவும் ஆலயத்துக்குப் போற ஷூ வரைக்கும் அப்படித்தான் வாங்குவாரு" என்றார் ஸ்டெல்லா. "நற்கருணை வாங்கப் போறப்ப டொக்கு டொக்குன்னு சத்தம் வரும்."

"அத ஏம்மா இங்க சொல்ற" என்றார் ஆரோக்கியம்.

நான்காவது ஜோடி: பாதம் மூடும் வகைதான், 40-41, நடுத்தர விறைப்பு. மெல்லிய காலுறையோடு போட்டேன். உதறினால் அசையவில்லை, விரல்கள் உள்ளே நேராகப் படுத்திருந்தன, நுனி இடிக்கவில்லை. கடக்க முப்பத்திரண்டு உதை. நாலாவது முறை வந்ததும் பழக்கத்தில் வலியை எதிர்பார்த்தேன். வரவில்லை. ஆறு, எட்டு, பத்து. பத்தாவது முறை கம்பத்தைத் தொட்டுத் தலையைத் தூக்கியபோது மேட்டிலிருந்து கைதட்டல் கேட்டது. வயதாகிவிட்டது என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்த மூன்று மாதமும் அந்தத் தண்ணீரில் கரைந்ததுபோல இருந்தது. பக்கத்திலேயே மிதந்துகொண்டிருந்த ஸ்டெல்லாவிடம் என்னால் "பிடிக்கலம்மா" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது. கால் அளவைச் செருப்பு எண்ணிலிருந்து எடுக்காதீர்கள். சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், தாள் மேல் நின்று கோடு போட்டு சென்டிமீட்டரில் அளந்து, அந்த நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். எந்தக் காலுறையோடு முங்குவீர்களோ அதைப் போட்டுக்கொண்டே பொருத்திப் பாருங்கள். விரல் மடங்கினால் பெரிது, விரல் நுனி மரத்துப்போனால் சிறிது. படகிலிருந்து குதிப்பவர்களுக்குப் பாதம் மூடும் வகை போதும். பவளக் கற்கள் மேல் நடந்து கடலில் இறங்குபவர்கள் முங்கு பூட்ஸும் வார் வைத்த ஃபின்னும் வாங்குவதே நல்லது, அங்கேயும் பூட்ஸ் காலோடு ஒட்டி இருக்க வேண்டும். விறைப்பைக் கடைக்காரர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். முடிந்தால் ஏதாவது நீச்சல் குளத்தில் பத்து முறை கடந்து பாருங்கள். முதல் மூன்று முறையில் எல்லா ஃபின்னும் நல்ல ஃபின்தான். கால் மறுபடி மறுபடி பிடித்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள். என் விஷயத்தில் அளவு தப்பு. உங்கள் விஷயத்தில் வேறாக இருக்கலாம்.

மதியம் இரண்டரைக்கு மழை வருமுன் கிளம்பிவிட்டேன். இந்த மாதங்களில் பிற்பகல் மழையில் மலை இறங்குவதைத் தவிர்ப்பது நல்லது.

அந்த நான்காவது ஜோடி ஸ்டெல்லாவின் பயிற்சிச் சாமான், விற்பதற்கில்லை. அதே வகையில், அதே 40-41 அளவில், கோலாலம்பூர்க் கடையொன்றில் 265 ரிங்கிட்டுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து சேரும் என்றார்கள். இன்னும் உறுதியாகாதது ஒன்று இருக்கிறது. குளம் கடலல்ல. மார்ச் முதல் வாரம் தீவுக்குப் படகு விடத் தொடங்கியதும், முதல் நாள் காலை என்னை மட்டும் ஆறு மீட்டர் ஆழத்துக்குக் கூட்டிப்போய் நாற்பது நிமிடம் உதைக்கவிட்டுப் பார்த்த பிறகே முடிவு சொல்வதாக ஸ்டெல்லா சொல்லியிருக்கிறார். பதினான்கு மீட்டருக்கு மறுபடி போவேனா என்பது அன்று பகல் படகில் தெரியும்.