கல்லுக்கு ஒரு பாடம்

என் தங்கை கலைப்பிரியாவால் உட்கார்ந்து படிக்க முடியாது. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாலே உடம்பு பரபரக்கும். எழுந்து நடந்தால்தான் மண்டையில் ஏறும். அதுவும் வாய்விட்டு, கையை ஆட்டிச் சொல்லியபடி நடக்க வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு அறையும் சமையல்கட்டும். அதில் இவள் குறுக்கும் நெடுக்கும் நடந்தால் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைந்த நிலத்தை யாரோ வாங்கி மனை பிரித்திருந்தார்கள். மஞ்சள் சாயம் அடித்த கற்களை நட்டதோடு சரி, ஒருவரும் வீடு கட்ட வரவில்லை. கலை அங்கே குடியேறினாள். கல்லுக்கு ஒரு பாடம் என்று பிரித்துக்கொண்டாள். முதல் கல்லில் செல், வேலிக்காத்தான் புதர் அருகில் இதயம், கரண்ட் கம்பத்தடியில் சிறுநீரகம். ஒவ்வொன்றிலும் நின்று ஒப்பித்துவிட்டு அடுத்ததற்குப் போவாள். அப்படிப் படித்தது எதுவும் அவளுக்கு மறந்ததில்லை. நெஃப்ரானைப் பற்றிக் கேட்டால் கம்பம் இருக்கும் திசைக்குத் திரும்பி மடமடவென்று கொட்டுவாள்.

போன வருஷ நீட் பரீட்சையில் வந்தது வம்பு. மூன்று மணி நேரம் பெஞ்சைவிட்டு எழக் கூடாது. இவள் காலை ஆட்ட, கண்காணிக்க வந்த மேடம் அதட்ட, அதோடு எல்லாம் காலி. தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய இதயம்கூட அங்கே வரவில்லை என்று வீட்டுக்கு வந்து அழுதாள்.

அப்பா குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறார். அதிகம் பேசாதவர். "இன்னும் ஒரு வாட்டி எழுது. அதுலயும் வரலன்னா பி.காம் சேர்ந்துடணும். மூணாவது வாட்டின்ற பேச்சே கிடையாது" என்றார். அம்மாவும் அதற்குத் தலையாட்டினாள். நானும் பி.காம்தான். அதை அவர் என்னவோ ஜெயில் மாதிரி சொன்னது எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கலைக்கு அது ஜெயில்தான். டாக்டர் என்பதைத் தவிர வேறொரு படிப்பின் பெயரை அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஆக, இந்த வருஷம் உட்காரக் கற்றுக்கொள்ள வேண்டும். துப்பட்டாவால் இரண்டு காலையும் கட்டிக்கொண்டு படித்துப் பார்த்தாள். கட்டை மறந்து எழுந்து குப்புற விழுந்ததுதான் மிச்சம். பிறகு பழையபடி மனைக்கே ஓடினாள். பரீட்சை நெருங்க நெருங்க அவள் குரல் ஏறியது. சாப்பாடு இறங்கவில்லை.

அப்பாவின் தங்கை பாஞ்சாலி அத்தை ஒரு நாள் சாயங்காலம் இதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். "அண்ணி, உன் பொண்ணு கல்லுகிட்ட நின்னுக்கினு என்னாத்தயோ பேசிக்கினு இருக்குது. நம்ம பாஷையே இல்ல. ஜல்தியா மேல்மலையனூர் ஆத்தா கோயிலுக்கு இட்டுக்கினு போ, பேய ஓட்டிடுவாங்க."

கலை அப்போது புழுக்களின் அறிவியல் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எவ்வளவோ சொன்னேன். அம்மாவுக்கும் உள்ளுக்குள் பயம்தான் போலிருக்கிறது. பரீட்சைக்கு முந்தின அமாவாசைக்கு அத்தையையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டோம். ஒரு நாள் படிப்பு போயிற்றே என்று வழியெல்லாம் கலை என்னைத் தின்றாள்.

அமாவாசைக் கூட்டத்தைச் சொல்லவா வேண்டும்? வரிசையில் ஒரு காலைத் தூக்கினால் திரும்ப வைக்க இடமில்லை. "அக்கா, மூச்சு முட்டுது, போயிடலாம்" என்று பிடுங்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று அடங்கிப்போனாள். பார்த்தால் கண்ணை மூடியிருக்கிறாள். உதடு மட்டும் லேசாக அசைகிறது.

"என்னாடி ஆச்சு?"

"மனையில நடந்துக்கினு இருக்கேன். பேசாதே."

சன்னதியில் பூசாரி அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார். இவள் கண்ணைத் திறக்காமலே, "உச்சரீரியா பாங்கிராஃப்டி" என்றாள். அத்தை என் கையை நகம் பதியப் பிடித்தாள். யானைக்கால் வியாதி தரும் புழு அது என்று நான் விளக்கினேன். பூசாரி இவளை ஏற இறங்கப் பார்த்தார். "பாப்பாவ நல்லா சாப்பிடச் சொல்லுங்க" என்று திருநீறு பூசி அனுப்பினார்.

"கால நவுத்தாமலே எல்லாக் கல்லுக்கும் போய் வந்துட்டேன்க்கா!" திரும்பும் பஸ்ஸில் என் தோளைக் குலுக்கிக் குலுக்கிச் சொன்னாள். ஆத்தா கண் திறந்துவிட்டாள் என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கும் அன்றைக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

பரீட்சை விழுப்புரத்தில். கொளுத்தும் வெயிலில் அப்பாவின் வண்டி நிழலில் காத்திருந்தோம். அம்மா மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வாட்ச் கட்டியிருக்கவில்லை என்பதுகூட நினைவில்லாமல். மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். கலை கடைசியாக வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"மறந்துட்டியாடி?" என்றாள் அம்மா.

"ஒண்ணுகூட மறக்கலம்மா. கால்கூட ஆட்டல. எல்லாமே வந்துச்சு." அதற்குமேல் பேச முடியாமல் விம்மினாள். "ஒவ்வொரு கேள்விக்கும் மொதல் கல்லுலேர்ந்து நடந்து போனேன். நடுவுலேர்ந்து தொடங்க எனக்குத் தெரியலம்மா. பயாலஜி முடிக்கவே நேரம் போச்சு. பிசிக்ஸ் பக்கத்தைத் திருப்பறதுக்குள்ள வாங்கிட்டாங்க."

எனக்கு அவளை அறையலாம் போலவும் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. அப்பா வண்டிச் சாவியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, சொன்ன மாதிரி..." என்று ஆரம்பித்தார்.

"இருங்க" என்றாள் அம்மா. அவர் பேச்சை அவள் வெட்டி நான் பார்த்ததில்லை. "அவ படிக்காம இருந்திருந்தா நானே உங்ககூட நின்னிருப்பேன். எல்லாத்தையும் படிச்சி வச்சிருக்கா. இன்னொரு வாட்டி எழுதட்டும்."

அப்பா போய் வண்டிக் கதவைத் திறந்தார். கலைதான் அலறினாள். "இன்னும் ஒரு வருஷமாம்மா?"

சந்தோஷமா, பயமா, எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

"ஆமாண்டி, ஒரு வருஷம்தான்" என்று சொல்லி அம்மா அவளைக் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினாள்.