சுவரக்காவின் நாற்காலி

அந்தத் தெருவில் பாதிப்பேருடைய மின்னஞ்சல் கணக்கு ஜெராக்ஸ் கடையில்தான் பிறந்தது. தொடங்கிக் கொடுத்தவர் சுவரக்கா. பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. வாடிக்கையாளர் பாஸ்வேர்டு தட்டும்போது நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். அதில் ஒட்டிக்கொண்ட பேர் இது. "நீங்களே போடுங்கக்கா, எம் பையன் பேரும் பொறந்த வருஷமும்" என்று உரக்கச் சொல்கிறவர்கள் உண்டே, அவர்களுக்கு விழும் பாருங்கள் திட்டு! "ஊருக்கே டமாரம் அடிச்சாச்சு. இனி அது ஆகாது, வேற யோசிங்க." யோசித்ததை அவர்கள் கையாலேயே சீட்டில் எழுதி, மடித்து, பசை போட்டு ஒட்டவைப்பார். "வீட்டுல யாரும் கைவைக்காத இடமாப் பாத்து வைங்க. போன்ல வேணாம், போன் தொலையும்."

பதினெட்டு வருஷம் கடை நடத்தியும் ஒருத்தருடைய பாஸ்வேர்டும் அவருக்குத் தெரியாது. எத்தனை பேருக்கு வரும் அந்தக் கட்டுப்பாடு?

ஒரு புதன்கிழமை மத்தியானம் எதிர்க்கடைத் தையல்காரி மூச்சிரைக்க ஓடிவந்தாள். லாரி ஓட்டிய அவள் புருஷன் தவறி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. வண்டி நின்ற இடத்திலெல்லாம் மகளுக்குக் கதை சொல்லி, அதைப் பதிந்து தன் கணக்கில் சேர்த்துவைத்த மனுஷன் அவர். இவ்வளவு நாளாகத் திறக்காததால் நாளையோடு கணக்கு அழிக்கப்படும் என்று அறிவிப்பு வந்திருந்தது.

"நீங்கதானேக்கா தொறந்து குடுத்தீங்க? பாஸ்வேர்டு சொல்லுங்க!"

"தெரியாதும்மா."

"பக்கத்துலயேதானே உக்காந்திருந்தீங்க?"

"சுவரப் பாத்துட்டு இருந்தேன்."

தையல்காரி பொரிந்து தள்ளிவிட்டாள். "உங்க நேர்மையக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க! ஒரு தடவை எட்டிப் பாத்திருந்தா கொறஞ்சா போயிருப்பீங்க?"

சுவரக்காவுக்குச் சுருக்கென்றது. பார்த்திருக்கலாமோ என்று முதல்முறையாகத் தோன்றியது. அதை விழுங்கிக்கொண்டு, "அப்புறமா அழுதுக்கலாம். உன் வீட்டுக்காரர் உனக்குத் தெரியாம எதை ஒளிச்சு வைப்பாரு?" என்று கேட்டார்.

"வேறென்ன, சிகரெட்டுதான்."

"எங்க?"

"ஓட்டை ரேடியோவுக்குள்ள. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு அவருக்கு."

"அது இன்னும் இருக்கா?"

"தூக்கிப் போட மனசு வரலக்கா."

"அப்ப ஏன் நிக்கறே? ஓடு!"

கால் மணி நேரத்தில் வந்துவிட்டாள். கையில் ஒட்டுப் பிரிக்காத ஒரு சீட்டு, அதன் ஓரமெல்லாம் புகையிலைத் தூள். "நீங்களே பிரிங்கக்கா. உங்ககிட்ட எனக்கென்ன ரகசியம்?"

சுவரக்கா தொடவில்லை. நாற்காலி கிறீச்சென்று திரும்பியது. பின்னால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டும் சத்தம். ஒருமுறை தப்பியது. மறுபடி தட்டினாள். சற்று நேரத்தில் ஓர் ஆண்குரல் கடையை நிறைத்தது: "பாப்பா, இங்க நல்ல மழை. வண்டிக்கடியில ஒரு நாய்க்குட்டி படுத்திருக்கு. அப்படியே உங்கம்மா மாதிரி மொறைக்குது..."

தையல்காரி அழுதுகொண்டே சிரித்தாள். "கெடச்சிடுச்சுக்கா! திரும்புங்க!"

"இரு. மொதல்ல எல்லாத்தையும் வேற இடத்துல நகல் எடுக்கணும். நான் சொல்லச் சொல்லச் செய்." சுவரக்காவின் குரல் கம்மியிருந்தது. வேலை முடியும்வரை அவர் திரும்பவே இல்லை. அவர் முகத்தைச் சுவர் மட்டும்தான் பார்த்தது.